உலு லங்காட் வீட்டில் தனித் தட்டு

போர்டு எழுதி வாங்கி வந்து, கட்டிலுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். 'ராக்கம்மாள் இல்லம். தங்க இடம், வீட்டுச் சாப்பாடு.' பச்சைப் பெயிண்டில் நன்றாகத்தான் எழுதியிருந்தான் பெயிண்டர். மாட்டவில்லை.

எங்கள் ஊர் கொடைக்கானல் கீழ்மலை. காப்பி, மிளகு, மலைவாழை. இப்போது கார்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். ரோட்டோரம் வீடு உள்ளவர்கள் எல்லாம் ரூம் விடுகிறார்கள். எங்கள் மகள் தேவிக்குக் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை. அவள் சொல்லித்தான் வீட்டை ஒட்டி இரண்டு ரூம் கட்டினோம்.

கட்டி முடித்த மழையில் மதுரைக்காரர்கள் இரண்டு பேர், புருஷனும் பெண்சாதியும், வண்டி பழுதாகி எங்கள் வீட்டில் ஒதுங்கினார்கள். என் பெண்சாதி ராக்கு கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அந்தம்மா கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. கைப்பக்குவம் என்று சொன்னது. பிறகு சும்மா பேச்சுவாக்கில், "இது எந்தத் தெரு?" என்று கேட்டது. ராக்கு சொன்னாள். அந்தம்மா தட்டைப் பார்த்தது. பாதிச் சோறு இருந்தது. "வயிறு நெறஞ்சிருச்சு" என்று எழுந்து, மழையில் நனைந்துகொண்டே வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஊரில் எங்கள் தெரு தனி. டீக்கடையில் எங்களுக்குக் கிளாஸ் தனியாக இருந்தது. குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இப்போது அது இல்லை. எங்களுக்குப் பேப்பர் கப். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ்.

ராக்கு அந்தப் பாதிச் சோற்றைக் கோழிக்குப் போட்டாள். நான் போர்டைத் திருப்பி வைத்தேன்.

தேவி போனில் சொன்னாள். "அப்பா, வர்றவங்க எல்லாருமா அந்தம்மா மாதிரி இருப்பாங்க? ஒரு தடவை இங்க வாங்க. இங்க மலையில வீட்டுக்காரங்களோட தங்கற மாதிரி வீடு இருக்கு. தங்கிப் பாருங்க. அப்புறமும் வேண்டாம்னா போர்டை அடுப்புல வைங்க."

வேண்டாம் என்றேன். ராக்கு அதற்குள் சேலையை மடித்துவிட்டாள்.

விமானத்தில் போனதை எழுத ஒன்றுமில்லை. உட்கார்ந்தோம். இறங்கினோம்.

தேவி வீடு பிரிக்பீல்ட்ஸில். அடுக்குமாடியில் உயரத்தில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம். காலையில் கீழே இறங்கினால் பூக்கடை, இட்லிக்கடை, நகைக்கடை. மதுரையில் நிற்பது போல இருந்தது. ஆனால் யாரும் யாரையும் இடிக்கவில்லை.

ஒன்று பார்த்து அதிசயப்பட்டேன். நடைபாதை நடுவில் மஞ்சள் கல் பதித்திருக்கிறார்கள். கல்லில் மேடு மேடாக இருக்கிறது. கண் தெரியாதவர்கள் கோலால் தடவி அதன் மேலேயே போகிறார்கள். அங்கே அவர்கள் நிறையப் பேர். பூக்கட்டுகிற பெண் வாளியை மஞ்சள் கல்லில் வைத்திருந்தாள். ஒருவர் கோலைத் தட்டிக்கொண்டு வந்தார். அவள் பேச்சை நிறுத்தாமல் காலாலேயே வாளியைத் தள்ளினாள். அவர் போனதும் மறுபடி இழுத்துக்கொண்டாள். தினமும் செய்கிற வேலை போல இருந்தது.

கடையில் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் வந்து, "பசியாறியாச்சா அங்கிள்?" என்றார். காலைச் சாப்பாட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்துப் போனது.

"தண்ணி என்ன?" என்றார்.

"தண்ணி தண்ணிதான்" என்றாள் ராக்கு.

"இல்லக்கா, குடிக்க. தே தாரிக், கோப்பி, மைலோ."

டீதான். இரண்டு குவளைக்கு நடுவில் ஒரு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றினார். நுரை நின்றது. ரொட்டி சானாய் என்று ஒரு ரொட்டி. நம் பரோட்டாவுக்குத் தங்கச்சி. ஆனால் மெலிசு. பருப்புக் குழம்பில் முக்கினால் கரைகிறது.

நான் எங்கே போனாலும் முதலில் கிளாஸைத்தான் பார்ப்பேன். பழக்கம். பக்கத்து மேசையில் மலாய் போலீஸ்காரர். அந்தப் பக்கம் சீனக் கிழவர். எதிரே நாங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி கைப்பிடி வைத்த கண்ணாடி கிளாஸ். குடித்து முடித்ததும் எல்லாம் ஒரே தொட்டிக்குள் போய் விழுந்தன. தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன, கடை போடப் போறீங்களா?" என்றாள் ராக்கு.

மறுநாள் கிள்ளானுக்கு ரயில். அங்கே சந்திரன் என்று ஒருவர். வேன் ஓட்டுகிறார். தேவியின் ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். அவர்தான் எங்களை மலைக்குக் கூட்டிப் போவதாகப் பேச்சு. முதலில் அவர் வீட்டில் ஒரு நாள். தேவிக்கு லீவு இல்லை. ஸ்டேஷனில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள்.

நல்ல குளிர் பெட்டி. உட்கார்ந்தேன். சுற்றிலும் பெண்கள். ஒருத்தி கைப்பையை நகர்த்திக்கொண்டு, "அங்கிள், இது லேடீஸ் கோச்" என்றாள். நிமிர்ந்து பார்த்தால் கதவு, சுவர் எல்லாம் ரோஸ் கலர். எழுந்தேன். ராக்கு எழவில்லை. "நான் பொம்பளைதான" என்றாள்.

அடுத்த பெட்டியில் நின்றேன். சுங்கை வே பக்கம் ஏறிய ஒருவர் பேச்சுக்கொடுத்தார். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வானவர். ஊர், மழை, மிளகு விலை எல்லாம் கேட்டார். பேசிக்கொண்டே அவர் இறங்கினார். நானும் பேசிக்கொண்டே இறங்கிவிட்டேன். அது ஷா ஆலம். ரயில் ராக்கோடு போய்விட்டது.

அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்தேன். கிள்ளான் பிளாட்பாரத்தில் ராக்கு உட்கார்ந்து இலையில் எதையோ பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரயிலில் ஒரு மலாய்க்காரம்மா கொடுத்ததாம். பக்கத்தில் சந்திரன் நின்றார். தடித்த ஆள், சிரித்த முகம். பேச்சு முடிவில் அந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போடுவார்.

"அண்ணே, அக்கா அழுவாங்கன்னு டிஷ்யூ வாங்கிட்டு வந்தேன் லா. இவங்க எனக்குப் பலகாரம் குடுக்கறாங்க."

"தொலைஞ்சா வந்துருவாரு. மாடு மாதிரி. வீடு தெரியும்" என்றாள் ராக்கு.

சந்திரன் பிறந்தது கேரி தீவு தோட்டத்தில். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காடு. அப்பா காலத்திலேயே கிள்ளானுக்கு வந்துவிட்டார்கள். அவர் வீட்டில் நண்டுக் குழம்பு. அவர் பெண்சாதி எங்கள் தட்டு காலியாக விடவில்லை. அவர்கள் சாப்பிடுகிற தட்டுதான் எங்களுக்கும். பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் அங்கே உள்ள தமிழ்க் கடைத்தெருவில் நடந்தோம். முறுக்குக் கடை, பாட்டுச் சத்தம், மல்லிகை. சேலைக் கடைக்காரர் ஒருவர் ஊர் கேட்டார்.

"கொடைக்கானல் மலை" என்றேன்.

"மலையில எந்த ஆளுங்க?"

"மலை ஆளுங்க."

சந்திரன் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி கடல் தாண்டியும் வந்திருக்கிறது. நாங்கள் சேலை எடுக்காமல் வந்தோம். மற்றபடி கிள்ளான் நல்ல ஊர்.

மூன்றாம் நாள் காலை வேன் கிளம்பியது. கோலாலம்பூரைக் குறுக்கே தாண்ட வேண்டும். பாலத்துக்கு மேல் பாலம், அதற்கு மேல் ரயில். பிறகு கட்டடம் குறைந்து மூங்கில் வந்தது. உலு லங்காட் பக்கம். மலை நம் மலை போலவே நீலம். காற்றில் குளிர் மட்டும் இல்லை, ஈரம் இருந்தது. சுற்றிலும் டுரியான் மரம். பலாவுக்குப் பெரிய முள் முளைத்தது போலப் பழம். வாசம் ரோடு வரைக்கும் வந்தது. ராக்கு முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

ஏற்றத்தில் எதிரே டுரியான் லாரி. வழிவிடச் சந்திரன் பின்னால் எடுத்தார். பின் சக்கரம் சாக்கடைக்குள் இறங்கியது. வேன் சாய்ந்து நின்றது.

லாரிக்காரர்கள் இறங்கினார்கள். யாரும் கத்தவில்லை. சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். தூக்கி ரோட்டில் வைத்தோம். அவர்களில் ஒருவன் மலாயில் என்னவோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றான்?" என்றேன்.

சந்திரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேனைத் தூக்கி வெச்சாச்சு, இனி டிரைவரையும் தூக்கிப் பின்னாடி சீட்டுல வெச்சா நல்லதுன்னு சொல்றான் லா."

போகும்போது ஒரு டுரியானையும் தூக்கி உள்ளே போட்டார்கள். நம் ஊரில் இதற்கு முதலில் அரை மணி நேரம் சண்டை நடந்திருக்கும்.

நாங்கள் தங்கப் போன ஊர் மலைச்சரிவில் இருக்கிறது. கம்பம் என்கிறார்கள், கிராமத்துக்கு. மர வீடு. தூண் மேல் நிற்கிறது. கீழே கோழி, மோட்டார் சைக்கிள், விறகு. செருப்பைப் படிக்குக் கீழே விட்டு ஏற வேண்டும். பலகை வழவழவென்று காலுக்குக் குளுமையாக இருந்தது.

வீட்டுக்காரம்மா பெயர் ரொஹானா. அங்கே அத்தை முறைக்கு மக்சிக் என்பார்கள். புருஷனை பக்சிக். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருக்கு டுரியான் தோட்டம். பிள்ளைகள் பட்டணத்தில். மக்சிக் ராக்குவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசியது.

சந்திரன் சொன்னார். "இங்க தங்கறவங்க வாடகைக்கு வர்றவங்க இல்லையாம். வீட்டுல எடுத்து வளக்கற பிள்ளை மாதிரியாம். போகும்போதும் பிள்ளைதானாம்."

"எனக்கு இவங்களவிட வயசு கூட" என்றாள் ராக்கு. அதையும் சந்திரன் சொன்னார். மக்சிக் விழுந்து விழுந்து சிரித்தது.

வறுத்த வாழைப்பழமும் கறுப்புக் காப்பியும் வந்தது. காப்பி மரம் கொல்லையில் நின்றது. நம் காப்பிச் செடி இடுப்பளவு. அது வீட்டை விட உயரம். இலை புகையிலை போல. கொட்டையும் பெரிது. வாசம் பலாப்பழம் மாதிரி. இதுவரை எல்லாம் நல்லது.

மத்தியானச் சாப்பாடு. பாய் விரித்தார்கள். மக்சிக் தங்கள் இரண்டு பேருக்கும் அலமாரியில் இருந்து தட்டு எடுத்தது. பூப்போட்ட பீங்கான். பிறகு உள்ளே போய், துணியில் சுற்றிய வேறு தட்டுகளை எடுத்து வந்தது. வெள்ளை. வேறு கிளாஸ். வேறு சட்டியில் குழம்பு. அவை எங்கள் மூன்று பேர் முன்னால் மட்டும் வந்தன.

என் கை நின்றுவிட்டது. ராக்குவும் பார்த்தாள். சந்திரன் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஆற்று மீன் இருந்தது. புளிக்க வைத்த டுரியானில் செய்த குழம்பு. பச்சை இலைகள், இடித்த மிளகாய்த் துவையல், கோழி. இப்படி எழுத முடிகிறது. ருசி எப்படி என்று கேட்டால் தெரியாது. பாதியில் தட்டைத் தள்ளினேன்.

மக்சிக் என்ன என்று கையால் கேட்டது.

"வயிறு நெறஞ்சிருச்சுன்னு சொல்லு" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மதுரைக்காரம்மா சொன்ன அதே வார்த்தை.

எழுந்து தட்டை நானே பின்பக்கம் கொண்டுபோய்க் கழுவினேன். கிளாஸையும் கழுவினேன். வெளிப்படியில் கவிழ்த்து வைத்தேன். நினைத்துச் செய்யவில்லை. கை அதுவாகச் செய்தது. திரும்பினால் மக்சிக் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

சாயங்காலம் பக்சிக் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. மரத்தைக் காட்டுவார், நான் தலையாட்டுவேன். விழுந்த பழத்தைக் கத்தியால் பிளந்து கொடுத்தார். மூச்சை அடக்கித் தின்றேன். இரண்டாவது சுளையை மூச்சு விட்டுத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஓடையில் கால் வைத்து உட்கார்ந்தோம். தண்ணீரில் கல் தெரிந்தது. நல்ல மனுஷர். இவர் வீட்டில் எப்படித் தனித் தட்டு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்து ராக்குவிடம் சொன்னேன். "காலையில போயிருவோம்."

"நாம யாருன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்? வேற நாடு."

"தெரிஞ்சுதான் செய்யணுமா. வாடகைக்கு வந்த தமிழாளுன்னு நெனச்சா போதும்."

"அப்ப சந்திரனுக்கும் ஏன் அந்தத் தட்டு?"

"போர்டு வேண்டாம்னு நான் சொன்னது சரிதான்" என்றேன். "யார் வீட்டுக்கு யார் போனாலும் இதுதான்."

ராக்கு போர்வையை உதறினாள். தேவிக்கு என்ன சொல்வது என்பது எனக்கு முடிவாகிவிட்டது.

காலையில் தட்டே வரவில்லை. தேங்காய்ப்பால் சோறு, வாழை இலையில் பொட்டலம் கட்டி வந்தது. காப்பி வந்தது. பேப்பர் கப்பில்.

புதுப் பாக்கெட் பிரித்து எடுத்த கப். பக்சிக் விடியக்காலையிலேயே மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போய் வந்த சத்தம் கேட்டிருந்தது. அவர்கள் இரண்டு பேர் கையிலும் கண்ணாடி கிளாஸ்.

நான் எழுந்தேன். "தம்பி, வண்டிய எடு."

"என்னண்ணே, பசியாறல?"

"எடு."

சந்திரன் என் முகத்தைப் பார்த்தார். பையை எடுக்கவில்லை. நேரே அடுக்களைக்குப் போனார். உள்ளே பேச்சு நீண்டது. மக்சிக் குரல் ஒரு தடவை உடைந்தது. பிறகு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். மக்சிக் கை ஈரத்தைத் துடைக்காமல் நின்று பேசியது. சந்திரன் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அந்த வெள்ளைத் தட்டெல்லாம் புதுசா வாங்கி வெச்சதாம். இந்து ஆளுங்க வந்தா மட்டும்தான் எடுப்பாங்களாம். மாட்டுக்கறி அதுல பட்டதே இல்லியாம். சட்டியும் வேறயாம். அடுப்புல ரெண்டாங் இருந்துச்சாம், மாட்டுக்கறியில செய்யறது. நாம வர்றதுக்கு முன்னாடி சட்டியோட அவங்க தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம், வாசம்கூட நமக்குப் படக்கூடாதுன்னு. அப்படியும் நீங்க நம்பாம பாதியில வெச்சிட்டீங்களாம். அவங்க கழுவுனா சுத்தம் இல்லன்னு நீங்களே கழுவி வெளிய வெச்சீங்களாம். அதான் இலை. அதான் பேப்பர் கப்பு. இதுக்கு மேல என்ன செய்யறதுன்னு தெரியலன்னு சொல்றாங்க அண்ணே."

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"மாட்டுக்கறிக்கா?" என்றாள் ராக்கு. "இவ்வளவும் மாட்டுக்கறிக்கா?" படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிறது.

"மாட்டுக்கறி வேணாம்னு யார் சொன்னது?" என்றேன்.

"நான்தான். என்ன சாப்பிட மாட்டாங்கன்னு மக்சிக் கேட்டாங்க. நீங்க இந்து. அதெல்லாம் கேக்கவே வேணாம் லா, இங்க."

"நாங்க சாப்பிடுவோம். சொல்லு."

"யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்."

"சும்மா வெளையாடாதீங்க அண்ணே."

"இந்துதான். சாப்பிடுவோம். எங்க தெருவுல எல்லாரும் சாப்பிடுவோம்."

சந்திரன் என்னையே பார்த்தார். புரிந்தது என்று தெரிந்தது. பிறகு மக்சிக் பக்கம் திரும்பிச் சொன்னார். மக்சிக் நம்பவில்லை. மறுபடி கேட்டது. இவர் மறுபடி சொன்னார். அது தலையை ஆட்டியது, தன்னைச் சமாதானம் செய்கிறார்கள் என்று நினைத்து.

ராக்கு எழுந்தாள். இரண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைத்துக்கொண்டு "ம்மா" என்றாள். பிறகு அந்தக் கையாலேயே வாயில் போட்டு மென்று, வயிற்றைத் தடவிக் காட்டினாள்.

மக்சிக் வாயைப் பொத்திக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. பக்சிக்கைப் பார்த்து ஏதோ கூவியது. அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் போனார். ரெண்டாங் சட்டியைத் திரும்பக் கொண்டுவரத்தான்.

அவர் வருவதற்குள் சந்திரனிடம் சொன்னேன். "எங்க ஊர்ல தனித் தட்டு வெச்சா அதுக்கு அர்த்தம் வேற. அது மரியாதை இல்ல. பேப்பர் கப்பும் அப்படித்தான். அதனாலதான் கழுவி வெச்சேன். அவங்க கையில குத்தம் இல்ல. அதச் சொல்லு."

இதைச் சொல்லச் சந்திரனுக்கு நேரம் பிடித்தது. நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மக்சிக் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டது. உள்ளே போய் அலமாரியில் இருந்து ஒரு பூப்போட்ட தட்டை எடுத்தது. விளிம்பில் கொஞ்சம் உடைந்திருந்தது. அதை என் கையில் கொடுத்தது.

"அவங்க தட்டு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அதுலதான் சாப்புடறாங்களாம்" என்றார் சந்திரன்.

ரெண்டாங் வந்தது. இதன் ருசி எனக்குத் தெரியும். கறி கறுத்துச் சுருண்டு எண்ணெய் கக்கி நிற்கிறது. வறுத்து இடித்த தேங்காய், எலுமிச்சைப் புல், இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு. குழம்பு இல்லை, எல்லாம் கறிக்குள்ளேயே போய்விட்டது. நாரை இழுத்தால் தானாகப் பிரிகிறது. எங்கள் வீட்டு உப்புக்கண்டம் ஞாபகம் வந்தது. அது கல். இது பஞ்சு. மூன்று தரம் சோறு வாங்கினேன். ராக்கு மக்சிக் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். தேங்காய் எவ்வளவு, தீ எவ்வளவு என்று இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். எப்படியோ புரிந்தது.

வெள்ளைத் தட்டு சந்திரன் முன்னால் மட்டும் இருந்தது.

"இப்ப நான் ஒருத்தன்தானா?" என்றார் அவர்.

மக்சிக் அவர் தட்டில் மீனில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தது. கரண்டியும் வேறு. ரெண்டாங் கரண்டி அந்தப் பக்கமே போகவில்லை. நான் அதைக் கவனித்தேன். சந்திரனும் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது மக்சிக் ராக்குவைக் கட்டிக்கொண்டது. பக்சிக் மிளகுக் கொடிக்கு என்ன உரம் போடுகிறேன் என்று சந்திரன் மூலம் கேட்டார். சாணி என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

இறக்கத்தில் சந்திரன் வேனில் பாட்டுப் போடவில்லை. அது அவருக்கு வழக்கம் இல்லை. ராக்கு தூங்கிவிட்டாள். ஊர் நெருங்கியதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க தாத்தா எந்த ஊர்லேர்ந்து கப்பல் ஏறினார்னு எனக்குத் தெரியாது அண்ணே. எந்தத் தெருன்னும் தெரியாது. அப்பாகிட்ட கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் வேற வேலை பாக்கப் போயிருவார்."

"சொல்ல வேண்டாம்னு நெனச்சிருப்பார்."

"அதான், இன்னைக்குத் தோணுச்சு. எங்க தெருவும் அந்த மாதிரித் தெருதானோ என்னமோ."

"இருந்தா என்ன?"

"ஒண்ணுமில்ல லா." கியரை மாற்றினார். "ஆனா மாட்டுக்கறி மட்டும் எனக்கு எறங்காது."

"எறங்காட்டி விடு. உனக்கு வெள்ளைத் தட்டு இருக்கு."

சிரித்தார். பாட்டுப் போட்டார்.

தேவி எல்லாவற்றையும் கேட்டாள். முகம் மாறியது. "அப்பா, சந்திரன் அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா? இங்க யாருக்கும் தெரியாது."

"இப்ப அவருக்குத் தெரியும். நாளைக்கு உன்னை ஏத்த வருவார் பாரு."

மறுநாள் காலை சந்திரன் வேனோடு வந்தார். தேவி தயங்கிக்கொண்டே இறங்கினாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் என்னவோ சொன்னார். அவள் சிரித்துக்கொண்டு ஏறினாள். சாயங்காலம் கேட்டேன். "'ஒங்கம்மா ம்மான்னு கத்துனது இன்னும் காதுல இருக்கு'ன்னு சொன்னார்" என்றாள்.

ஊருக்குத் திரும்பும் முன் பிரிக்பீல்ட்ஸில் பாத்திரக்கடைக்குப் போனோம். பூப்போட்ட தட்டு ஒரு கட்டு எடுத்தேன். பிறகு வெள்ளைத் தட்டு கொஞ்சம் எடுத்தேன். ராக்கு வெள்ளையைப் பார்த்ததும் நின்றாள்.

"நம்ம வீட்டுலயா? தனித் தட்டா?"

"நாம சமைக்கறத சாப்பிடாதவங்க வருவாங்கல்ல."

யோசித்தாள். அவளே ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கீறல் பார்த்து, வைத்தாள். சட்டியும் ஒன்று தனியாக வேண்டும் என்றாள். அதை ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

மக்சிக் எங்களை யார் என்று கேட்கவே இல்லை. என்ன சாப்பிட மாட்டார்கள் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறது. நாங்கள் அதை வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

ஊர் வந்ததும் போர்டை எடுத்துத் தூசி தட்டி, பெயிண்டரிடம் கொண்டுபோனேன். கீழே இடம் இருந்தது. எழுத வேண்டியதைச் சொன்னேன். 'இங்கே மாட்டுக்கறியும் சமைப்போம். சாப்பிடாதவர்களுக்குத் தனிப் பாத்திரம் உண்டு.'

பெயிண்டர் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அவன் மேல்தெரு ஆள்.

"இதையும் எழுதணுமா? படிச்சா யாருன்னு தெரிஞ்சிரும். வர்றவனும் வர மாட்டான்."

"படிச்சிட்டு வரட்டும். பாதிச் சோத்துல எந்திரிக்க வேண்டாம்."

அவன் பெயிண்டைக் கலக்கினான். "சரி. எழுத்தைச் சின்னதாப் போட்டுரவா?"

"மேல இருக்கற அளவுக்கே போடு" என்றேன்.